நாத்தனாரோடு நாலு தீவு

கப்பல் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது, பரணிலிருந்து பெட்டியை இறக்குகிறேன் என்று பல்லக்காவின் கணவர் ஏணியில் ஏறினார். பெட்டி பத்திரமாகக் கீழே வந்தது. அவர்தான் பத்திரமாக வரவில்லை. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு, ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

பல்லக்கா என்பது அவளுக்கு வேலை செய்யும் இடத்தில் விழுந்த பெயர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்து தரும் கூடம் அது. மொத்தமே ஏழு பேர். இருபத்தாறு வருஷமாக அங்கேயே இருப்பவள் அவள் ஒருத்திதான். புதிதாக வந்தவர்கள் 'பல் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்து, அது வாயில் புழங்கிப் புழங்கிப் பல்லக்கா ஆகிவிட்டது. "பல்லக்குல போறவங்க மாதிரி கௌரவமாத்தான் இருக்கு" என்று அவளும் விட்டுவிட்டாள்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காகத்தான் அந்தக் கப்பல் பயணம். ஆறு பகல், நாலு தீவு. கரையை விட்டு ரொம்ப தூரம் போகாமல், தீவு தீவாகத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும் உல்லாசக் கப்பல். இருவருமே அதுவரை கப்பலைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கணவர் சொன்னார்: "பணத்தைத் திருப்பித் தர மாட்டாங்களாம். பேரை வேணா மாத்திக்கலாமாம். பேசாம அக்காவைக் கூட்டிட்டுப் போயேன்."

"எந்த அக்காவை?"

"எனக்கு எத்தனை அக்கா இருக்காங்க?"

ஒரே ஒருத்திதான். சங்கடமே அதுதான்.

நாத்தனாருக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. புகார் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம். ஓய்வுக்கு இன்னும் பத்து மாதம் பாக்கி. கணவர் தவறி எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளை வெளியூரில். பல்லக்கா அவளை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவாள். இருவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் எப்போதோ தீர்ந்து போயிருக்கும். குடும்பத்தில் நல்லது கெட்டது என்றால் பார்த்துக்கொள்வார்கள், உடம்பு எப்படி இருக்கிறது, பெண் என்ன பண்ணுகிறாள் என்று மூன்று வாக்கியம் பேசுவார்கள், அதோடு சரி.

காரணம் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள், பதினோரு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பல்லக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, பரிமாற வந்தாள். நாத்தனார் அவள் கையைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை சோப்பு போட்டுக் கழுவிட்டு வாம்மா. ஊரார் வாயெல்லாம் தொட்ட கை" என்றாள். யாரோ சிரித்தார்கள். பல்லக்காவும் சிரித்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்தாள். ஆனால் அந்தப் பேச்சு தொண்டையில் சிக்கிய முள்ளாக அப்படியே தங்கிவிட்டது.

நாத்தனார் எப்படியும் வரமாட்டேன் என்பாள் என்ற தைரியத்தில்தான் அவள் ஃபோன் செய்தாள்.  ஆனால் நாத்தனார் கேட்டாள்: "எத்தனை ஜோடித் துணி எடுத்துக்கணும்?"

கணவரை மகள் பார்த்துக்கொண்டாள். பல்லக்காவும் நாத்தனாரும் கப்பலேறினார்கள்.

ஆறாவது தளத்தில் அவர்கள் அறை. கதவைத் திறந்ததும் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பேரை மாற்றியவர்கள் குறிப்பை மாற்ற மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போட்டு, மேலே ரோஜா இதழ்களால் இதயம் வரைந்து, நடுவில் துண்டை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து அலகோடு அலகு உரச வைத்திருந்தார்கள். 'வெள்ளிவிழாத் தம்பதிக்கு வாழ்த்துகள்' என்று ஓர் அட்டை வேறு.

நாத்தனார் அட்டையை எடுத்துப் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"நம்மளத்தான் சொல்றாங்க போல" என்றாள்.

பல்லக்காவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நாத்தனார் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுடைய புகார் ஜன்னல் முகம் என்று பல்லக்காவுக்கு அப்போது தெரியாது.

அறைப் பணியாளர் வந்து மன்னிப்புக் கேட்டுக் கட்டில்களைப் பிரித்துப் போட்டார். பிரித்ததும் நடுவில் ஒருவர் நடக்க மட்டும் இடம் இருந்தது. ஒருத்தி பெட்டியைத் திறந்தால் மற்றவள் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொள்ள வேண்டும். குளியலறைக் கதவு திறந்தால் அலமாரி திறக்காது. கழிப்பறையில் தண்ணீர் விடும் பொத்தானை முதல்முறை அமுக்கியபோது அது ஊரையே உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. நாத்தனார் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "நான் ஒண்ணும் பண்ணல" என்றாள். அதற்குப் பல்லக்கா சிரித்துவிட்டாள். வட்டமான ஜன்னலில் கரை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கப்பல் கிளம்பிவிட்டதே இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

மாலைச் சாப்பாட்டுக்கு நாலு பேர் மேசை ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். மற்ற இரண்டு பேர் ஓர் அம்மாவும் ஒரு பெரியவரும், இவர்கள் அறையை அடுத்துத் தனித்தனி அறை எடுத்திருந்தவர்கள். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. உப்பைக் கேட்டாலே மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும். பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முப்பத்தைந்து வருஷம் கப்பல் கப்பலாகச் சரக்கு ஏற்றியிருக்கிறார், ஒன்றில்கூடப் பயணம் போனதில்லை.

"நாங்க ஒரே பூங்காவுல நடக்கப் போவோம்" என்றார் டீச்சர். "இவர் எதிர்ப்பக்கமா சுத்துவார். தினமும் ரெண்டு தடவை எதிர்ல வருவார். பதினாலு மாசம் அப்படியே போச்சு. இப்ப நாலாம் நாள் மத்தியானம் எங்களுக்குக் கல்யாணம். கேப்டன்தான் நடத்தி வைக்கிறார். ரெண்டு பேர் பிள்ளைங்களும் வேலையில இருக்காங்க, திரும்பினதும் பாத்துக்கலாம்னுட்டோம். நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க."

அறைக்குத் திரும்பும்போது நாத்தனார், "இந்த வயசுல என்னத்துக்கு?" என்றாள்.

 பல்லக்காவின் மனது வேறெங்கோ இருந்தது. டீச்சரின் மேல்வரிசை முழுக்கச் செயற்கைப் பல் என்பது முதல் வாய் சூப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல வேலைதான், ஆனால் பத்து வருஷத்துக்கு மேலான வேலை, அடித்தளம் தேய்ந்து கொஞ்சம் ஆடுகிறது. கிரேன்காரருக்கு எல்லாம் சொந்தப் பல், கீழே ஒன்று மட்டும் கோணல். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்வதில்லை. கல்யாண வீடு, பேருந்து, கடைத்தெரு எங்கே போனாலும் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். தொழில் அப்படி.

முதல் தீவில் பார்ப்பதற்கு ஒரு கலங்கரை விளக்கம்தான் இருந்தது. கப்பலைத் தூரத்தில் நிறுத்திவிட்டுச் சின்னப் படகுகளில் இறக்கிவிட்டார்கள். மொத்தம் நூற்று அறுபத்தெட்டுப் படி. தொண்ணூறாவது படி வந்ததும் நாத்தனாரின் முழங்கால் இதற்கு மேல் ஆகாது என்றது. அங்கே ஒரு சின்ன ஜன்னலும் உட்காருகிற மாதிரி ஒரு திட்டும் இருந்தன. இருவரும் உட்கார்ந்தார்கள். காற்று சில்லென்று வந்தது. கீழே அவர்கள் கப்பல் சோப்புக்கட்டி மாதிரி வெள்ளையாக நின்றது.

என்ன தோன்றியதோ, பல்லக்கா சொல்லிவிட்டாள்.

"அண்ணி, கல்யாணமான புதுசுல என்னைக் கையை இன்னொரு தடவை கழுவிட்டு வரச் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும்."

"நானா?"

"ஊரார் வாயெல்லாம் தொட்ட கைன்னீங்க."

நாத்தனார் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள் என்பது தெரிந்தது.

"ஞாபகம் இல்ல. ஆனா சொல்லியிருப்பேன். அப்ப நான் அப்படித்தான் இருந்தேன்." பிறகு திரும்பினாள். "இருபத்தஞ்சு வருஷமா இதை வச்சிட்டிருக்கியா? எங்க ஆபீஸ்ல ஒரு புகாரும் இத்தனை நாள் நிலுவையில இருந்ததில்ல."

"சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"சரி" என்றாள் நாத்தனார். "பதிவு பண்ணிக்கிட்டேன்." கையை ஊன்றி எழுந்தாள். "வா, மிச்சத்தையும் ஏறிடுவோம். இவ்வளவு தூரம் வந்துட்டு ஜன்னலைப் பார்த்துட்டுப் போறதா?"

உச்சிக்குப் போகும் வரை இருவருக்கும் மூச்சு வாங்கியது.  இறங்கும்போது நாத்தனார் பல்லக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

இரண்டாவது தீவில் பறவைகள். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, நாத்தனாரின் புதுத் தொப்பியில் ஒன்று எச்சமிட்டதைத் தவிர.

நாலாம் நாள் காலையில் கப்பல் கடலிலேயே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது தீவுக்கு மாலையில்தான் போய்ச் சேரும், நடுவில் பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இருவரும் வந்தபோது, நடைபாதையில் டீச்சரின் அறைக்கு எதிரே கிரேன்காரர் நின்றிருந்தார். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. முகம் மட்டும் தொங்கிப் போயிருந்தது.

"கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க" என்றார். "கல்யாணம் வேண்டாம், போயிடுங்கன்னு உள்ள இருந்தே சொல்றாங்க. நேத்து சாயங்காலம் கூட நல்லாத்தான் பேசிட்டிருந்தோம்."

பல்லக்கா கதவைத் தட்டினாள். "டீச்சர், நாங்கதான் பக்கத்து ரூம்."

"யாழும் வழ வேண்டாம். போங்க."

கிரேன்காரருக்கு அது அழுகைக் குரலாகத்தான் கேட்டிருக்கும். பல்லக்காவுக்கு வேறு மாதிரி கேட்டது. அது காற்றுப் போய் 'ர' எல்லாம் 'ழ' ஆகிற பேச்சு. நாக்கு மேலே போய்த் தொட ஒன்றும் இல்லாமல் வருகிற சத்தம். உடைந்த பல்லோடு கூடத்துக்கே வந்து நிற்பவர்களிடம் இருபத்தாறு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவள் அவள். அவள் கதவின் விளிம்பில் வாயை வைத்து, பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"டீச்சர், நான் செட்டுப் பல் செய்யறவ. அதுதான் என் வேலை. திறங்க, பாக்கலாம்."

 தாழ்ப்பாள் விலகியது. நாத்தனாரும் கூடவே உள்ளே நுழைந்தாள்.

டீச்சர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மைதானக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. குளியலறையில் பல்லைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கப்பல் லேசாக ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறது. பல்வரிசை கை நழுவிப் பீங்கான் தொட்டியில் விழுந்து, நடுவாகப் பிளந்துவிட்டது. மாற்று வரிசை வீட்டில் இருக்கிறது.

"அவழுக்குத் தெழியாது" என்றார், கிரேன்காரர் நின்ற பக்கம் கையைக் காட்டி. "சொல்லணும்னுதான் இழுந்தேன். அப்புழம் சொல்லலாம், அப்புழம் சொல்லலாம்னு…" துண்டு மறுபடியும் வாய்க்குப் போனது.

பல்லக்கா கையை நீட்டினாள். இரண்டு துண்டையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். நேரான பிளவு. சில்லு எதுவும் போகவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மயிரிழை கூடத் தெரியாமல் பொருந்தியது. கூடத்தில் இருந்திருந்தால் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். இங்கே என்ன இருக்கிறது?

"மணி என்ன அண்ணி?"

"ஒன்பது பத்து."

"எனக்கு மாவுக்கட்டுப் போடற துணி வேணும், டாக்டர் ரூம்ல இருக்கும். அழகு நிலையத்துல நகத்துக்குப் பூசற பொடியும் அதுக்கான திரவமும் வேணும், வெளிர் ரோஸ் நிறத்துல. அதோட அந்த நகம் தேய்க்கிற சின்ன மெஷின். நாங்க பயன்படுத்தறதும் அந்த வகைப் பொருள்தான். அச்சு அசல் அதே இல்ல, ஆனா ஒரு நாளைக்குத் தாங்கும்."

மாவுக்கட்டு சுலபமாகக் கிடைத்தது. அழகு நிலையத்துப் பெண்தான் இரண்டு கையையும் விரித்துவிட்டாள். பொருளை வெளியே தரக் கூடாது, மேலதிகாரி வரவேண்டும், அவர் பதினொரு மணிக்குத்தான் வருவார். பல்லக்கா வாதாட வாயெடுத்தாள். நாத்தனார் அவள் முழங்கையைத் தொட்டாள்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, அவசரமே இல்லாத குரலில் கேட்டாள்: "இதுல உனக்கு என்னம்மா பிரச்சினை வரும்?"

அந்தப் பெண் திகைத்தாள். அவளை அப்படி யாரும் கேட்டதில்லை போலிருந்தது. "ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கக் கூடாது இல்லையா? ஒரு பேப்பர் குடு." நாத்தனார் நின்றபடியே எழுதினாள். பொருளின் பெயர், அளவு, வாங்கிய நேரம், எதற்காக, பொறுப்பு முழுவதும் கீழே கையெழுத்திட்டவருடையது, அறை எண், கையெழுத்து. "இதை வச்சுக்கோ. மெஷினை எடுத்துட்டு நீயும் கூட வா. உன் கண்ணு முன்னாடியே வேலை நடக்கட்டும். அப்ப வெளியில குடுத்ததா ஆகாது, நீயே போய் வேலை பார்த்ததா ஆகும்."

அந்தப் பெண் காகிதத்தைப் படித்தாள். மெஷினின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

நடந்து வரும்போது பல்லக்கா கேட்டாள்: "எப்படி அண்ணி?"

"முப்பத்தொரு வருஷம் முடியாதுன்னு சொல்ற பக்கம் உக்காந்திருக்கேன். முடியாதுன்னு சொல்றவங்க எதுக்குப் பயப்படறாங்கன்னு தெரிஞ்சா போதும்."

டீச்சரின் அறைக்குள் வந்ததும் பல்லக்கா எழுதும் மேசையில் செய்தித்தாளை விரித்தாள். இரண்டு துண்டையும் சேர்த்து, அண்ணத்தைத் தொடுகிற பக்கத்தில் ஈர மாவுக்கட்டை அழுத்தி, கெட்டியாகும் வரை ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும். அவளுக்கு மூன்றாவது கை இல்லை.

"குடு" என்றாள் நாத்தனார்.

அவள் கையை ஏந்தினாள். பல்லக்கா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஈரப் பல்லை அவள் உள்ளங்கையில் வைத்து, "கட்டை விரலை இங்க, மத்த விரலை இங்க. மூச்சு விடலாம், ஆனா கை அசையக் கூடாது" என்றாள். நாத்தனார் பத்து நிமிஷம் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மாவு இறுகியதும் பல்லக்கா துண்டுகளைப் பிரித்தெடுத்து, பிளவின் ஓரங்களை மெஷினால் சாய்வாகத் தேய்த்தாள். இறுகிய மாவுதான் அச்சு; திரும்ப அதில் வைத்தாள். தூரிகையைத் திரவத்தில் நனைத்து, பொடியைத் தொட்டு, நுனியில் திரளும் சின்ன மணியை இடைவெளியில் இறக்கினாள். ஒரு மணி, இன்னொரு மணி. அண்ணத்தைத் தொடுகிற பக்கம் படாமல் நாக்குப் பக்கமாகவே நிரப்பினாள். கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அழகு நிலையத்துப் பெண் குனிந்து பார்த்தபடி, "நான் நகம் செய்யறதை விட நைஸா செய்யறீங்க" என்றாள்.

நாத்தனார் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தம்பி மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அதைச் செய்யும்போது பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வெளியில அந்த மனுஷன் நிக்கறாரு. நான் போய்ப் பேசிட்டிருக்கேன்" என்று எழுந்தாள்.

"என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒண்ணும் சொல்லாம ஒரு மணி நேரம் பேச எனக்குத் தெரியும்."

இறுகிய பல்லை வெந்நீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி நன்றாக ஊற விடவேண்டும். வாசனை போக வேண்டும், அதோடு மிச்சமிருக்கும் திரவமும் வெளியேற வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் டீச்சர் கட்டிலின் ஓரத்தில் துண்டும் வாயுமாக உட்கார்ந்து தரையையே பார்த்தார். பல்லக்கா அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தன்னிடம் வந்த பல்வரிசைகளைப் பற்றிச் சொன்னாள். நாய் கடித்துத் துப்பியது, ஊஞ்சலிலிருந்து பறந்தது, தன் பல் என்று நினைத்துப் பக்கத்துக் கட்டில்காரருடையதை ஒரு வாரம் போட்டிருந்தவர். டீச்சரின் தோள் குலுங்கியது. துண்டுக்குள் சிரிப்பு.

சிரித்து முடித்துவிட்டு டீச்சர் நிமிர்ந்தார்.

"அவழைக் கூப்பிடுங்க" என்றார்.

"இன்னும் இருபது நிமிஷம்தான் டீச்சர். பல்லைப் போட்டுக்கிட்டே பேசலாம்."

"இல்ல. இப்பவே."

கிரேன்காரர் உள்ளே வந்தார். பின்னால் நாத்தனார். அழகு நிலையத்துப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், வெளியே போக மனதில்லாமல். டீச்சர் துண்டை எடுத்து மடியில் வைத்தார். வாய் உள்ளே மடிந்து, முகம் பத்து வயது கூடித் தெரிந்தது. மேசையில் கண்ணாடித் தம்ளருக்குள் பல்வரிசை கிடந்தது. கிரேன்காரர் அதைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "உங்க பையன் ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டான்னு நினைச்சேன். அப்படி ஏதாவது இருந்தா நான் என்ன பண்ண முடியும்? இதுக்கு ஆள் இருக்காங்களே."

டீச்சர் அழுதார், சிரித்தார், அவர் கையில் ஓர் அடி போட்டார்.

"அப்ப பல்லு வேண்டாமா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"ஐயோ, வேணும்" என்றார் டீச்சர். "ஃபோட்டோ எடுப்பாங்களே."

பதினொன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. ஒட்டின இடம் ஈறின் நிறத்தை விடக் கொஞ்சம் தூக்கலான ரோஸ்; நாக்குப் பக்கம் என்பதால் யாருக்கும் தெரியாது. "இன்னிக்குச் சாயங்காலம் கழட்டி வச்சிடணும். இதைப் போட்டுக்கிட்டு எதையும் கடிக்கக் கூடாது. ஊருக்குப் போனதும் முதல் வேலையா டாக்டர்கிட்ட காட்டணும்" என்று பல்லக்கா மூன்று முறை சொன்னாள். டீச்சர் பல்லைப் பொருத்திக்கொண்டு, "வருகிறேன், வருகிறாய், வருகிறார்" என்று சொல்லிப் பார்த்தார். நடைபாதை முழுக்கக் கேட்டது.

மேல்தளத்தில் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் கல்யாணம். காற்று பலமாக அடித்ததால் கேப்டன் ஒரு கையால் தொப்பியையும் ஒரு கையால் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு படித்தார். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். பல்லக்கா போட்டாள், அதற்குக் கீழே நாத்தனார் போட்டாள். புகைப்படம் எடுப்பவர் "சிரிங்க" என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. டீச்சர் அதற்கு முன்னாலேயே அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அழகு நிலையத்துப் பெண் சும்மா இருப்பாளா? மறுநாள் காலைக்குள் கப்பல் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஐந்தாம் நாள், நாலாவது தீவுக்குப் போகும் படகுக்கு வரிசையில் நின்றபோது ஒருவர் வந்து பல்லக்காவிடம் வாயைத் திறந்து காட்டினார். அவருக்குப் பின்னால் கடைவாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு அம்மாள். பல்லக்கா தவித்துப்போனாள். பல் பிடுங்குகிறவள் அல்ல அவள், அதை யாரிடம் சொல்வது?

நாத்தனார் நடுவில் வந்து நின்றாள். அந்தப் புகார் ஜன்னல் முகத்தைப் போட்டுக்கொண்டாள்.

"உங்க கோரிக்கையைக் கவனத்துல எடுத்துக்கிட்டோம்" என்றாள். "இவங்க விடுமுறையில இருக்காங்க. கப்பல்ல டாக்டர் இருக்காரு, மூணாவது தளம், பத்துலருந்து பன்னண்டு. அங்க முதல்ல பதிவு பண்ணிக்குங்க." வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எதற்கு நன்றி சொன்னோம் என்று பிறகுதான் யோசித்திருப்பார்கள்.

நாலாவது தீவில் பார்க்க எதுவுமே கிடையாது. வெள்ளை மணல், முழங்கால் ஆழத்துக்கு நூறடி தூரம் வரை தெளிந்த தண்ணீர், அவ்வளவுதான். இருவருக்கும் நீச்சல் தெரியாது. கொஞ்ச தூரம் நடந்து போய், உட்கார்ந்தால் இடுப்பு வரை வரும் தண்ணீரில் போட்ட துணியோடு உட்கார்ந்துவிட்டார்கள். கால் விரலுக்கு நடுவே சின்ன மீன்கள் வந்து வந்து போயின. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுஷன்கிட்ட ஒரு மணி நேரம் என்ன அண்ணி பேசினீங்க?"

"அவர்தான் பேசினாரு. கிரேன் மேல ஏறி உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் பேச ஆளே கிடையாதாம். முப்பத்தஞ்சு வருஷம்." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எனக்கு அதுக்கு நேர்மாறு. நாள் முழுக்கப் பேச்சு. வீட்டுக்குப் போனா ஒரு வார்த்தை கிடையாது."

பல்லக்கா தண்ணீரைக் கையால் அளைந்தாள். "செவ்வாய்க்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை" என்றாள். "ரெண்டு மணிக்கு முடிஞ்சிடும். உங்க ஆபீஸ் வழியாத்தான் பஸ் போகுது."

"எனக்கு அஞ்சு மணி ஆகும்."

"எங்க கூடத்துல வந்து உக்காருங்கன்னு சொல்ல மாட்டேன், பொடி பறக்கும். நான் வந்து உங்க ஜன்னல் பக்கம் உக்காந்துக்கறேன்."

"புகார் இல்லாம உள்ள விட மாட்டாங்க."

"ஒண்ணு எழுதிட்டு வரேன்."

நாத்தனார் சிரித்தாள். பல்லக்கா தொழில் கண்ணால் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். முன் வரிசை அழகு, இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அகலமாக அவள் வாய் திறந்து பார்த்ததில்லை என்பதால் இது இன்றுதான் தெரிகிறது.

கரையில் வைத்திருந்த பைக்குள் ஃபோன் அடித்தது. கணவராகத்தான் இருக்கும். மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவார். பல்லக்கா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு" என்றாள் நாத்தனார். "அரிப்பு எங்கயும் போயிடாது. எம் தம்பியை எனக்குத் தெரியும், அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி அடிப்பான்."

ஃபோன் அடித்து ஓய்ந்தது. ஓர் அலை வந்து இருவரையும் ஒரு சாண் தூக்கி, மெல்லக் கீழே வைத்துவிட்டுப் போனது. பல்லக்கா காலை நீட்டிக்கொண்டாள்.